மழை லீவுக்கு ஒரு முழு அளவு கேரம் போர்டு

குன்னூர் பக்கம் குடியிருந்து, வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இருந்தால், ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு கேரம் போர்டு வாங்கி வைத்துவிடுங்கள். சின்னது வேண்டாம். பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்கிற மெல்லிசான போர்டு வேண்டவே வேண்டாம். பந்தயத்தில் வைக்கிற அதே அளவில், ஆடுகிற இடம் 29 அங்குலம் இருக்கிற முழு போர்டாக வாங்குங்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று வந்து சில மழைக்காலம் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கென்று நாங்கள் வாங்கியதில், கொடுத்த காசுக்கு இவ்வளவு சந்தோஷம் தந்த பொருள் வேறு எதுவும் இல்லை. அதன் நல்லது கெட்டது, மலை ஈரத்தில் அதைக் காப்பாற்றுகிற விதம் எல்லாம் சேர்த்து எழுதுகிறேன். இந்த ஊர்க் குளிரையும் ஈரத்தையும் வைத்து யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

எங்கள் வீடு அருவங்காட்டில். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். மகள் ஏழாவது படிக்கிறாள், மகன் இரண்டாவது. மாமனாரும் எங்களோடுதான் இருக்கிறார். கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழை வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் வருகிற வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மலையில் பல இடத்தில் மண் சரிந்து வீடுகள் போயின, உயிர்களும் போயின. அதைப் பார்த்தவர்கள் யாரும் கனமழை நாளில் பிள்ளைகளை ரோட்டில் விளையாட விடமாட்டார்கள். கலெக்டர் லீவு அறிவித்தார் என்றால், அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள்தான்.

வீட்டுக்குள் என்ன இருக்கிறது? எங்கள் வரிசை வீடுகளுக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் டிவி சத்தமே கேட்காது. எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்ட் போய்விடும், அப்புறம் டவரும் போகும், போனில் சார்ஜும் தீரும். எனக்கோ தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வருஷத்திலேயே அதிகமாக வேலை வருகிற மாதங்கள் இவை. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாழ்வாரத்தில் கைகோத்துக்கொண்டு வருகிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து, ஆறு ஏழு பேரைச் சண்டை இல்லாமல் உட்கார வைக்கிற ஒன்று வேண்டியிருந்தது. கேரம் போர்டு அதைச் செய்கிறது.

வாங்கியது மேட்டுப்பாளையத்தில், விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு கடையில். மலையில் கிடைக்காமல் இல்லை. ஆனால் கீழே நாலைந்து போர்டை வரிசையாகப் பரப்பிப் பார்த்து எடுக்க முடிந்தது. கேரம் போர்டைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. என்னிடம் எப்போதும் இருக்கிற இன்ச் டேப் அங்கே பெரிய உதவி. ஆடுகளம் நான்கு பக்கமும் 29 அங்குலம் (சர்வதேச விதிப்படி 74 சென்டிமீட்டர்) இருக்கிறதா என்று அளந்தேன். அது போதாது, மூலைக்கு மூலை இரண்டு குறுக்கையும் அளக்க வேண்டும். இரண்டும் 41 அங்குலம் வர வேண்டும். ஒரு குறுக்கு 41, இன்னொன்று 40 முக்கால் என்றால் சட்டம் கோணலாக அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் போர்டில் பக்கச் சட்டத்தில் மோதித் திரும்புகிற ஸ்டிரைக்கர் நினைத்த இடத்துக்குப் போகாது. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டதே அப்படிப்பட்டதுதான். வேறு எடுங்கள் என்று சொன்னதும் அவரே டேப்பை வாங்கி மற்றதையும் அளந்து பார்த்தார்.

அடுத்தது பலகை வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை ஒரு தையல் நூலை இறுக்கிப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரிகிறதா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம். கடைசியாக, பவுடர் போட்டு ஸ்டிரைக்கரைப் பலமாகச் சுண்டிப் பார்க்கணும். எதிர்ச் சட்டத்துக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போய், பாதி வழியாவது திரும்ப வேண்டும். மூன்றரை ஓட்டம் என்பது பந்தயப் போர்டுக்கு இருக்க வேண்டிய தகுதி. இரண்டு ஓட்டத்தில் நின்றுவிடுகிற போர்டை, கடைக்காரர் போகப் போகச் சரியாகிவிடும் என்று சொன்னாலும் எடுக்காதீர்கள். இழைத்து மெருகேற்றாத பலகை போகப் போக மோசமாகத்தான் ஆகும். இங்கே மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம் மோசமாகும்.

பிளைவுட் கனம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. நான் எடுத்தது 12 மில்லிமீட்டர். சமவெளியில் எட்டே போதும் என்பார்கள், மலைக்கு வேண்டாம். ஈரம் ஏறி இறங்குகிற ஊரில் மெல்லிய பலகை ஒரு மழைக்காலத்திலேயே நடுவில் தொங்கிவிடும். எங்கள் உறவில் ஒரு வீட்டில் அப்படித் தொங்கிய போர்டு இருக்கிறது. காய் எல்லாம் தானாக நடுவுக்கு வரும். போர்டுக்கு அடியில் குறுக்குக் கட்டைகள் திடமாக இருக்கின்றனவா என்று திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். காய், ஸ்டிரைக்கர், பவுடர் எல்லாம் சேர்த்து எனக்கு 4,200 ரூபாய் ஆனது. எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை. பள்ளிச் சீருடை ஆர்டர் ஒன்று முடித்த பணம் அப்படியே போனது. யோசித்துத்தான் கொடுத்தேன், வருத்தமில்லை.

பஸ்ஸில் ஏற்றி வந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போர்டு அதில்தான் அடிபடும். சட்டத்தோடு சேர்த்து 35 அங்குலம் வருகிறது, கனம் ஒரு அரிசிச் சிப்பம் அளவுக்கு. பழைய போர்வை இரண்டு கொண்டுபோய் மூலைகளைச் சுற்றிக் கட்டி, லக்கேஜ் டிக்கெட் எடுத்துக் கடைசி சீட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தோம். கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவிலும் என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். மழை இல்லாத நாளாகப் பார்த்து வாங்கியது நல்லதாகப் போயிற்று. நனைந்த பிளைவுட்டை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இனி விளையாட்டுக்கு வருகிறேன். போர்டைத் தரையில் போடவில்லை. எங்கள் சிமென்ட் தரை நவம்பரில் ஐஸ் மாதிரி இருக்கும், அரை மணி நேரம் உட்கார்ந்தால் சின்னவனுக்கு மூக்கு ஒழுகும். மாமனார் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில் கொண்டுவந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தது. அதைக் கவிழ்த்து மேலே போர்டை வைத்தோம். பந்தய ஸ்டாண்டின் உயரமும் 63-லிருந்து 70 சென்டிமீட்டர்தான். பெட்டி கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு வருகிறது. சுற்றி முக்காலிகள், சின்னவனுக்கு மட்டும் முக்காலிமேல் ஒரு தலையணை. போர்டு சமமாக நிற்கிறதா என்று பார்க்க நடுவில் ஒரு கோலிக்குண்டை வைப்பாள் மகள். எந்தப் பக்கம் உருண்டாலும் எதிர்ப்பக்கம் பெட்டிக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகுவாள். அந்த வேலையை வேறு யாரையும் செய்ய விடமாட்டாள்.

ஏழு வயதும் பன்னிரண்டு வயதும் எழுபது வயதும் ஒரே விளையாட்டில் நிஜமாகவே மோதிக்கொள்ள முடிகிறது என்பதுதான் கேரமின் பெரிய குணம். ஓட்டப்பந்தயத்தில் சின்னவன் தோற்பான், செஸ்ஸில் அழுவான். கேரமில் அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் எப்போதாவது ஒன்று விழும். அந்த ஒன்றுக்காக அவன் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவான். நாங்கள் ஜோடி ஆட்டம்தான் வைப்போம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெரியவர், ஒரு சின்னவர், எதிரெதிரே. பெரியவர் காயைப் பாக்கெட் வாய்க்குக் கொண்டுபோய் நிறுத்துவார், சின்னவர் போடுவார். தன்னுடைய காயைப் போடாமல் தம்பிக்காக ஒதுக்கி வைக்க என் மகள் கற்றுக்கொண்டது இப்படித்தான். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஜெயிப்பதற்கு அதுதான் வழி என்று அவளே பார்த்துக்கொண்டாள்.

ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால் பாயின்ட் ஆட்டம். கருப்பு 10, வெள்ளை 20, ரெட் 50. ஒன்பது கருப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு ரெட், ஆக மொத்தம் 320. எல்லாருடைய கணக்கையும் கூட்டிப் பார்த்து 320 வரவில்லை என்றால் ஒரு காய் முக்காலிக்கு அடியில் கிடக்கிறது என்று அர்த்தம். சின்னவன் பத்துப் பத்தாகவும் இருபது இருபதாகவும் கூட்டுவதை இந்தப் போர்டில்தான் வேகமாகப் பழகினான். விளையாட முறை வராத பிள்ளை ஸ்கோர் எழுதும். சோழி வைத்துக் கணக்குப் பார்ப்பதும் உண்டு. எழுதுகிற வேலைக்கும் மரியாதை இருப்பதால் சும்மா உட்கார்ந்து சிணுங்குகிற பிள்ளை இல்லை.

மகளும் எதிர் வீட்டுப் பையனும் இப்போது பந்தய விதியில் ஆடுகிறார்கள். காயை அடுக்கி ஆடி முடிக்கிற ஒரு சுற்றுக்கு ஒரு போர்டு என்று பெயர். 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு கேம் முடியும். எதிராளிக்கு மீதி இருக்கிற ஒவ்வொரு காய்க்கும் ஒரு பாயின்ட், ரெட்டுக்கு மூன்று. ரெட்டைப் போட்டால் அதே அடியிலோ அடுத்த அடியிலோ தன் காய் ஒன்றை ஃபாலோ போட வேண்டும், இல்லையென்றால் ரெட் நடுவுக்குத் திரும்பிவிடும். இந்த ஃபாலோ விதி பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைக்கிறேன். ரெட்டை எடுப்பதற்கு முன்னாலேயே அடுத்த காயைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். ஸ்டிரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் ஒரு காய் ஃபைன். விதிகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். சண்டை வந்தால் அந்தத் தாள்தான் நீதிபதி, என்னைக் கூப்பிடுவதில்லை. மெஷினை நிறுத்தாமல் ஒரு ஜாக்கெட் முழுசாகத் தைத்து முடிக்க முடிகிறது.

சுண்டுவதற்குப் பழக்குவது முக்கியம். பிள்ளைகள் விரலைத் தூர வைத்து நகத்தால் ஓங்கி அடிப்பார்கள். குளிரில் விறைத்த விரலுக்கு அது நன்றாக வலிக்கும், அப்புறம் ஆட்டமே வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள். விரல் நுனி ஸ்டிரைக்கரைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், அங்கிருந்து தள்ள வேண்டும். “அடிக்காதடா, தள்ளு” என்று மாமனார் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாருக்கும் சூடாக ஒரு டம்ளர் சுக்குக் காபியோ பாலோ கொடுத்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கச் சொல்வேன். விரல் இளகிவிடும்.

ஆனால் சாப்பிடுகிற கை போர்டுக்கு வரக் கூடாது. எங்கள் ஊர் வர்க்கியைப் பிய்த்துத் தின்றால் கையெல்லாம் நெய்ப்பசையும் தூளும். அந்தக் கையால் காயைத் தொட்டால், காயில் ஒட்டிய பசை போர்டில் தடமாக விழும். அப்புறம் அந்த இடத்தில் எந்தக் காயும் தயங்கி நிற்கும். வர்க்கி தின்றவர்கள் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம், விருந்தாளிக்கும் உண்டு.

இனி ஈரம். மலையில் கேரம் போர்டு வைத்திருப்பவர்கள் எல்லாரும் சொல்கிற குறை ஒன்றே ஒன்றுதான்: மழைக்காலத்தில் போர்டு ஓடாது. வெயில் காலத்தில் மூன்றரை ஓட்டம் ஓடிய போர்டு, ஒரு வாரம் மூடுபனி நின்றால் இரண்டு ஓட்டத்தில் நின்றுவிடும். காற்றில் இருக்கிற ஈரம் பலகையின் மேல்பரப்பில் படிகிறது, போட்ட பவுடரும் அந்த ஈரத்தில் கட்டி தட்டுகிறது. மேலே மேலே பவுடரைக் கொட்டினால் இன்னும் மோசமாகும். முதலில் பழைய பவுடரைச் சுத்தமாகத் துடைத்து எடுக்க வேண்டும், பிறகு பலகையைக் காய வைக்க வேண்டும், அதன் பிறகுதான் புதுப் பவுடர், அதுவும் ஒரு சிட்டிகை.

காய வைக்க நான் செய்வது இது. போர்டுக்கு மேலே பழைய குண்டு பல்பு ஒன்று, 100 வாட், தகர மூடியோடு தொங்குகிறது. கேரம் ஆடுகிற இடங்களில் பார்த்திருப்பீர்கள். எல்.ஈ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. குண்டு பல்புக்கு அந்தச் சூடுதான் பெருமை. ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் போட்டுவிட்டால் பலகை தொடுவதற்கே இதமாக இருக்கும். பிள்ளைகள் தலை இடிக்காத உயரத்தில் கட்டுங்கள், துணி எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. இன்னொரு வழி, இஸ்திரி போட்ட சூட்டோடு ஒரு பருத்தித் துணியை எடுத்து மடித்து, அதனால் போர்டைத் தேய்ப்பது. இஸ்திரிப் பெட்டியையே போர்டில் வைத்துவிடாதீர்கள், மெருகு உருகிவிடும். கரண்ட் இல்லாத நேரத்தில் சார்ஜ் பல்பு வெளிச்சத்தில் ஆடுவோம், கொஞ்சம் மெதுவாக ஓடும், அதற்கும் பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

இங்கே ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். குளிருக்காகவும் போர்டு காயவும் என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்து ஜன்னலை மூடிவிடாதீர்கள். கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு வாசனையே இல்லை, கண்ணும் எரியாது, தூக்கம் வருகிற மாதிரி இருந்து ஆளையே எடுத்துவிடும். மலையில் இப்படி இறந்தவர்கள் உண்டு. பிள்ளைகள் கூடி விளையாடுகிற அறையில் கம்பளிச் சட்டை, சாக்ஸ், சூடான பானம் போதும். ஜன்னல் ஒரு விரற்கடையாவது திறந்திருக்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் போர்டை எங்கே வைப்பது என்பதும் பெரிய விஷயம். வெளிச்சுவரில் சாய்த்து வைத்தால் போச்சு. மழைக்காலத்தில் வெளிச்சுவர் வியர்க்கும், அந்த ஈரத்தைப் பலகை குடிக்கும், சாய்ந்தே நிற்பதால் வளையவும் செய்யும். நான் கட்டிலுக்கு அடியில் இரண்டு செங்கல்மேல் படுக்க வைக்கிறேன். பிளாஸ்டிக் கவர் போடக் கூடாது, ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். மில் துணியில் ஒரு உறை தைத்துப் போட்டிருக்கிறேன், காற்று போய் வருகிறது. மழை விட்டதும் வெயிலில் காய வைக்கலாமே என்று தோன்றும், நேர் வெயில் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். ஜன்னல் ஓரத்து நிழல் போதும்.

பவுடரைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், இதில் எனக்குக் கவலை உண்டு. கேரம் பவுடர் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் போரிக் பவுடர். கரப்பான் பூச்சிக்கு வைக்கிற அதே சாமான்தான். பெரிய பிள்ளைகள் ஆடிவிட்டுக் கை கழுவினால் பயமில்லை. தவழுகிற குழந்தையோ, எதையும் வாயில் வைக்கிற மூன்று வயதுப் பிள்ளையோ இருக்கிற வீட்டில் டப்பாவை எட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும். ஆடி முடித்ததும் தரையையும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். முகத்துக்குப் போடுகிற பவுடரைப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. வாசனையாக இருக்கும், ஆனால் இந்த ஈரத்தில் பசையாகிவிடும். மைதா மாவு போடுகிற வீடுகளில் எறும்பு வருகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. போர்டோடு வந்த ஸ்டிரைக்கர் மிகவும் லேசு, காயை மோதினால் அதுதான் திரும்பி வந்தது. விதிப்படி 15 கிராம் வரை இருக்கலாம். குன்னூரில் தனியாக ஒன்று வாங்கி, தெரிந்த நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. சின்னவனுக்கு மட்டும் அந்தப் பழைய லேசான ஸ்டிரைக்கர், அவன் விரலுக்கு அதுதான் தோது. காய்கள் மரக் காய்கள்தான், ஓரம் மழுங்காமல் நன்றாகவே இருக்கின்றன. பாக்கெட் வலைகள் மட்டமானவை, முதல் மழைக்காலத்திலேயே நூல் இற்றுப்போய்க் காய்கள் தரையில் கொட்டின. அதைப் பிரித்தெடுத்துவிட்டு ஜீன்ஸ் துணியில் நாலு பை தைத்துப் போட்டேன். பழைய வலையை விட இது நல்லது, காய் விழுகிற சத்தமும் குறைந்துவிட்டது. ஒரு மூலையில் சட்டத்தின் இணைப்பு கொஞ்சம் வாய் திறந்தது. தச்சரைக் கூப்பிட்டுப் பசை வைத்து இறுக்கச் சொன்னேன், அதன் பிறகு பிரச்சினை இல்லை. இந்த விலைக்கு அந்த மூலையை ஒழுங்காகச் செய்து கொடுத்திருக்க வேண்டும். செய்தவர்களுடைய அக்கறைக் குறைவு அது.

இடம் அடைக்கும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் எங்கள் முன்னறை நிறைந்துவிடும். கதவைத் திறக்க ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். சத்தமும் உண்டு. தூங்குகிற கைக்குழந்தை இருக்கிற வீட்டில் யோசிக்கணும்.

மழை நாளுக்கு வேறு சாமான்களும் எங்களிடம் இருக்கின்றன. பல்லாங்குழிக்கு மாமியார் காலத்துப் பலகை இருக்கிறது, ஏழு குழி ஏழு குழியாக 14 குழி, புளியங்கொட்டை போட்டு ஆடுவோம். அருமையான ஆட்டம், ஆனால் இரண்டு பேருக்குத்தான். தாயக்கட்டையை உருட்டினால் நேரம் போவதே தெரியாது. இருந்தாலும் தாயம் விழாமல் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது தண்டனை. பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டுகிற செட் சின்னவனுக்குப் பிடிக்கும், அவன் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். சீட்டு மாதிரி வருகிற கலர் அட்டை விளையாட்டு எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் ஈரத்தில் அட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒரே சீசனில் பாழாகின. போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒருவர் பார்ப்பார், மற்றவர்கள் அவர் தோளுக்குப் பின்னால் சண்டை போடுவார்கள். இவை எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு நல்லவை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், ஆள் மாறி மாறி உட்கார்ந்து, வயது பார்க்காமல் ஆட வேண்டுமென்றால் கேரம்தான்.

என் மகளுக்கு இதில் இன்னொரு ஆசையும் பிறந்திருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில், சென்னை புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரை மகள் வெட்டி வைத்திருக்கிறாள். அவருக்கு முன்னால் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன். அதற்கும் முன்னால் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியவர். சர்வதேசக் கேரம் சம்மேளனமே 1988-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது என்று மாமனார் பெருமையாகச் சொல்வார். இவ்வளவு தூரம் போன விளையாட்டை நம் பிள்ளைகள் பரிசு போர்டில், குண்டூசி மாதிரிப் பறக்கிற பிளாஸ்டிக் காயை வைத்து ஆடிவிட்டு அலுத்துப்போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சின்ன போர்டில் பழகிய கை பெரிய போர்டில் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். முழு போர்டில் ஆரம்பித்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கு முதல் சில நாள் எட்டாது, திணறும். பொறுத்திருங்கள், எட்டிவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக: செப்டம்பரிலேயே போய்விடுங்கள், மழை தொடங்கிய பிறகு மலைப்பாதையில் போர்டைத் தூக்கி வருவது சிரமம். 12 மில்லிமீட்டர் இல்லையென்றால் 10-க்குக் கீழே இறங்காதீர்கள். பணம் இடித்தால் காய், ஸ்டிரைக்கர் எல்லாம் சாதாரணமாக எடுத்துக்கொண்டு பலகையை நல்லதாக எடுங்கள், மற்றதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். வரிசை வீட்டில் இருப்பவர்கள் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு போர்டு வாங்கினாலும் போதும், எப்படியும் பிள்ளைகள் ஒரே வீட்டில்தான் கூடப்போகிறார்கள். ஒரு ரெட் காய் மட்டும் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் தொலைவது அதுதான்.